ஏற்காட்டு சாக்லேட்டில் கோகோ எவ்வளவு? புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

ஏற்காடு போனவர்கள் வெறுங்கையோடு மலை இறங்குவதில்லை. கொஞ்சம் மிளகு, காப்பித்தூள், அப்புறம் ஏரிக்கரைக் கடையில் கால் கிலோ 'ஹோம்மேட் சாக்லேட்'. நானும் பல வருடம் வாங்கியவன்தான். ஒரு சித்திரை மாதம் அப்படி வாங்கி வந்த பொட்டலத்தை சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் ஜன்னலோர மேசை மேல் மறந்து வைத்துவிட்டேன். வெளியே 39 டிகிரி, உள்ளே அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் ஒரு துண்டுகூட முனை மழுங்கவில்லை. "என்ன தரம் பாரு" என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன்.

கோகோ வெண்ணெய் 34 டிகிரி சுமாருக்கே உருகிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. வாயில் வைத்ததும் கரைகிறதே, அந்தச் சுகத்துக்குக் காரணமே அதுதான். சேலத்துச் சித்திரையைத் தாங்கி நின்ற அந்தத் துண்டில் கோகோ வெண்ணெய் அநேகமாக இல்லை. இருந்தது கெட்டிப்படுத்திய தாவரக் கொழுப்பு.

கோகோ விவசாயிக்கு நியாயம் கிடைக்க வேண்டும், காடு அழியக்கூடாது, இளைஞர்கள் இதில் கைகொடுக்க வேண்டும் என்றெல்லாம் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு எதிலிருந்து தொடங்குவது? என் அனுபவத்தில் முதல் கேள்வி ரொம்பச் சின்னது. நாம் காசு கொடுத்து வாங்குவதில் கோகோ இருக்கிறதா? அது தெரியாமல் கோகோ விவசாயியை ஆதரிக்கக் கிளம்புவது, பால் வாங்காமலே பால்காரரை வாழ வைக்கக் கிளம்புவது மாதிரி.

முதலில் பொட்டலத்தைத் திருப்புங்கள்

தெருமுனை மளிகைக் கடைக்குப் போய் மூன்று சாக்லேட் வாங்குங்கள். ஒன்று ஐந்து ரூபாய், பத்து ரூபாய் ரகம். ஒன்று பெரிய கம்பெனியின் பால் சாக்லேட். ஒன்று 'டார்க்' என்று போட்டது. பின்பக்கம் பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கும். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். ஆகவே வரிசையே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

சர்க்கரை, அடுத்து 'ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்', அதற்குப் பின்னால் எங்கேயோ கோகோ பவுடர் என்று வந்தால் அது காம்பவுண்ட். உறையின் முன்பக்கத்தைப் பாருங்கள், 'சாக்லேட்' என்ற சொல்லே பெரும்பாலும் இருக்காது. 'சாக்கோ', 'சாக்கோலேட்டி', 'கோட்டிங்' என்று ஏதாவது சுற்றி வளைத்து எழுதியிருப்பார்கள். சட்டத்துக்குப் பயந்த தமிழ், ஆங்கிலம் எல்லாமே கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும்.

கோகோ மாஸ் (அரைத்த கோகோ விதை), கோகோ சாலிட்ஸ், கோகோ பட்டர் என்று வந்தால் அது சாக்லேட். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி சாக்லேட்டில் வேறு தாவரக் கொழுப்பு அதிகபட்சம் 5 சதவீதம் சேர்க்கலாம், சேர்த்தால் அதை உறையில் சொல்லியாக வேண்டும். கோகோவுக்கு ஒரு குறைந்தபட்ச அளவும் உண்டு. கொழுப்பு நீக்கிய கோகோ திடப்பொருள் பால் சாக்லேட்டில் 2.5 சதவீதம், ப்ளெய்ன் சாக்லேட்டில் 12 சதவீதம் இருந்தால் போதும். இரண்டரை சதவீதம் என்று முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். இல்லை, அவ்வளவுதான். பால் சாக்லேட் என்பது பெரும்பாலும் சர்க்கரையும் பாலும்தான்.

'70 சதவீதம்' என்று போட்டிருந்தால் கோகோ மாஸும் கோகோ வெண்ணெயும் சேர்ந்து எழுபது, மிச்சம் பெரும்பாலும் சர்க்கரை என்று அர்த்தம். வெள்ளைச் சாக்லேட்டில் கோகோவின் வெண்ணெய் மட்டும் உண்டு, அதனால்தான் நிறம் கிடையாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். காம்பவுண்ட் விஷமில்லை, ஏமாற்றும் இல்லை. பிறந்தநாள் கேக்கின் மேல் இருப்பது பெரும்பாலும் அதுதான். நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பங்கு சர்க்கரைக்கும் பாமாயிலுக்கும் போகிறது, கோகோ மரத்துக்குப் போவது கொசுறு. அது தெரிந்து வாங்கினால் போதும்.

ஏற்காட்டுக் கடையில் எப்படிக் கேட்பது

'ஹோம்மேட்' எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் கேள்வி கேட்பது சுலபம். மொத்தக் கடையிலிருந்து காம்பவுண்ட் பாளம் வாங்கி வருவார்கள். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, முந்திரி, திராட்சை, பாதாம் போட்டு அச்சில் ஊற்றி, ஆறியதும் வண்ணத் தாளில் சுற்றினால் வேலை முடிந்தது. கடைகளுக்குப் பின்னால் வீடுகளில் உட்கார்ந்து இதைச் செய்கிறவர்கள் பலரும் பெண்கள். அந்த உழைப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை.

அசல் சாக்லேட்டில் ஏன் செய்வதில்லை? விலை ஒரு காரணம், பக்குவம் இன்னொன்று. அசல் டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்கு உருக்கி, 28 வாக்கில் இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்றி அச்சில் விட வேண்டும். இதற்குப் பெயர் டெம்பரிங். பாகுப் பதம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு டிகிரி தப்பினால் மேலே வெள்ளைப் பூத்து, உடைத்தால் 'டக்' என்ற சத்தம் வராமல் மண் மாதிரி உதிரும். காம்பவுண்டுக்கு இந்தத் தலைவலி கிடையாது. உருக்கி ஊற்றினால் உறைந்துவிடும். சேலத்துக்கு எடுத்துப் போகும்போது உருகியது என்று யாரும் திரும்பி வந்து சண்டை போடவும் மாட்டார்கள்.

நான் கேட்ட முறை இது. கூட்டம் இல்லாத வார நாளில், வாங்க வேண்டியதை வாங்கிவிட்டுக் கேட்டேன்.

"அண்ணா, இதெல்லாம் ப்யூரா, காம்பவுண்டா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தம்பி, ஆபீஸ்ல இருந்து வர்றீங்களா?"

"இல்லைங்கண்ணா. ப்யூர் இருந்தா விலை கூட இருந்தாலும் வாங்கிக்கலாம்னுதான்."

"எல்லாம் காம்பவுண்டுதான். ப்யூர் வச்சா யாரு வாங்குவா? கேக்கறதே இல்லையே ஒருத்தரும்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். கேட்பவர் இல்லாததால் வைப்பதில்லை. ஒரு கோடை விழா சீசனில் பத்துப் பேர், இருபது பேர் இதே கேள்வியை மரியாதையாகக் கேட்டால் கடைக்காரர் கணக்குப் போடத் தொடங்குவார். வாங்காமல் கேள்வி மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தால் ஒன்றும் நடக்காது, எரிச்சல்தான் மிஞ்சும். கையோடு இன்னொன்றையும் பாருங்கள்: பொட்டலத்தில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கின்றனவா என்று.

'எஸ்டேட் சாக்லேட்' என்று பெயர்ப்பலகை பார்த்தால் அந்தக் கோகோ ஏற்காட்டில் விளைந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சேர்வராயன் மலை உச்சி 1,600 மீட்டருக்கும் மேல் உயரம். கோகோவுக்குச் சூடும் ஈரக்காற்றும் வேண்டும். 15 டிகிரிக்குக் கீழே போனால் முகம் சுளிக்கும் மரம் அது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பிக்குத்தான் இந்த மலை. ஆனால் காப்பித் தோட்டத்தை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். மேலே சில்வர் ஓக் நிழல், அதில் ஏறும் மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி. கோகோவும் நல்லபடியாக விளைவது இப்படி அடுக்கடுக்கான நிழலில்தான்.

குச்சிக்கிழங்குக் கணக்கு

உலகக் கோகோவில் பாதிக்கும் மேல் இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது: ஐவரி கோஸ்ட், கானா. பெரிய எஸ்டேட்டுகள் இல்லை. சில ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள்தான் அதிகம்.

அவர்கள் நிலைமையைப் புரிந்துகொள்ள நம்மூர்க்காரர்களுக்குப் பெரிய புத்தகம் தேவையில்லை. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) லோடு ஏற்றிக்கொண்டு சேகோ மில் (ஜவ்வரிசி ஆலை) வாசலில் காத்திருந்தவர்களைக் கேட்டாலே போதும். கிழங்கைப் பிடுங்கியாயிற்று, வைத்திருக்க முடியாது. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று மில்லில் பார்ப்பார்கள். பாயிண்ட்டுக்கு எவ்வளவு என்பதும் விவசாயி கையில் இல்லை. ஜவ்வரிசி என்ன விலைக்குப் போகிறது என்பது அவருக்குக் கடைசியில்தான் தெரியும். இதில் கொஞ்சமாவது ஒழுங்கு வரட்டும் என்றுதான் 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமே வந்தது, அதுவும் மில்காரர்களின் சங்கம்தான். கோகோவிலும் இதே கதை, தூரம் மட்டும் பல ஆயிரம் மைல்.

விலை கட்டாதபோது என்ன நடக்கும்? கூலிக்கு ஆள் வைக்க முடியாது, வீட்டுப் பிள்ளைகள் கத்தியும் பூச்சிமருந்துமாகத் தோட்டத்தில் நிற்பார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் ஆய்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2018-19 பருவத்தில் இந்த இரண்டு நாட்டுக் கோகோ வேலையில் குழந்தைத் தொழிலாளர்கள் 15.6 லட்சம் பேர். இதன் மிக மோசமான வடிவங்களை ஒழிப்போம் என்று பெரிய சாக்லேட் கம்பெனிகள் ஹார்கின்-எங்கல் உடன்பாட்டில் ஒப்புக்கொண்டது 2001இல். இன்னொரு பக்கம், பழைய மண் சத்துக் குறைந்ததும் பக்கத்துக் காட்டை வெட்டிப் புதிதாக நடுவார்கள். ஐவரி கோஸ்ட் 1960க்குப் பிறகு தன் காட்டில் 80 சதவீதத்துக்கும் மேல் இழந்திருக்கிறது, கோகோ அதில் பெரும் காரணம்.

"சரி, 2024இல் விலை எகிறியதே, விவசாயி பிழைத்திருப்பாரே?" என்று கேட்கலாம். மழை கெட்டு, நோய் தாக்கி, விளைச்சல் விழுந்ததால் அந்த வருடம் டிசம்பரில் நியூயார்க் சந்தையில் டன் 12,000 டாலரைத் தாண்டியது. இரண்டு வருடம் முன்பு அது 2,500 டாலர் சுமார். ஆனால் கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் பருவத் தொடக்கத்தில் அரசு அமைப்புகள் விலையை நிர்ணயித்து, பயிரின் பெரும்பகுதியை முன்கூட்டியே விற்றுவிடுவார்கள். சந்தை ஏறியதில் பெரும்பங்கு விவசாயி வீட்டுக்கு வரவில்லை. வந்தவருக்கும் விற்கக் காய் குறைவு.

நம் நாட்டிலும் இதே ஊஞ்சல்தான். கேரளத்தில் 1980களில் விலை சரிந்தபோது நட்ட கோகோ மரங்களை வெட்டி எறிந்தார்கள். 2024இல் உலர் விதை கிலோ ஆயிரம் ரூபாயைத் தொட்டது. அடுத்த வருடமே சரிந்து, ஆந்திராவில் விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடினார்கள். ஆகவே 'நிலைத்த கோகோ' என்று யாராவது சொன்னால் மரம் நடுவதை மட்டும் நினைக்காதீர்கள். விலை நிலைத்தால்தான் மரம் நிலைக்கும்.

இதைப் படித்துவிட்டு ஆப்பிரிக்கக் கோகோவே வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள். நாம் வாங்காவிட்டால் முதலில் அடி வாங்குவது அந்தக் குடும்பம்தான்.

முத்திரைகளை நம்பலாமா

உறையில் போடும் நியாய வணிக, காடு காப்பு முத்திரைகளைப் பாதி நம்பலாம். ஃபேர்ட்ரேட் முத்திரைக்கு ஒரு குறைந்தபட்ச விலை உண்டு, அதற்கு மேல் டன்னுக்கு 240 டாலர் கூட்டுறவுக்குத் தனியாகப் போகும். தவளை போட்ட ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் முத்திரை காடு, பூச்சிமருந்து, வேலை நிலைமை ஆகியவற்றைப் பார்க்கிறது, குறைந்தபட்ச விலை எதுவும் வைப்பதில்லை. இரண்டிலும் கோகோ பெரும்பாலும் கலந்தே வரும். ஆவினுக்கு ஊற்றிய பால் எல்லாம் ஒரே தொட்டியில் சேர்வது போல. முத்திரைத் தோட்டத்திலிருந்து அத்தனை டன் வாங்கியது உண்மை, உங்கள் கையில் இருக்கும் துண்டு அங்கிருந்துதான் வந்தது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பெரிய கம்பெனிகளுக்குச் சொந்தத் திட்டங்கள் உண்டு. கேட்பரி தயாரிக்கும் மாண்டலீஸ் 2012 முதல் 'கோகோ லைஃப்', நெஸ்லே 2009 முதல் 'கோகோ பிளான்'. கம்பெனி தன் கையாலேயே எழுதும் மார்க் ஷீட் என்பதை மறக்காமல் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் போட்டது. 2020க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த கோகோ உள்ளே வரக்கூடாது, எந்த நிலத்தில் விளைந்தது என்று வரைபடத்தில் காட்ட வேண்டும். நடைமுறைக்கு வருவதுதான் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

என்னைக் கேட்டால், உறையில் தோட்டத்தின் பெயரும் அறுவடை வருடமும் போட்டிருக்கும் ஒரு சின்னத் தயாரிப்பாளரை, முத்திரை மட்டும் உள்ள பெரிய கம்பெனியைவிட அதிகம் நம்புவேன். பெயர் போட்டவரிடம் போய்க் கேட்க முடியும்.

எதை வாங்குவது, எப்படிக் கட்டுப்படியாவது

இந்தியக் கோகோவிலிருந்தே விதை முதல் பார் வரை செய்கிறவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் சோக்லெட், ஆரோவில்லில் மேசன் அண்ட் கோ, சென்னையில் கோகோட்ரெய்ட், கொச்சியில் பால் அண்ட் மைக். விலை ஒரு பார் இருநூறு, முந்நூறு ரூபாய் என்று போகும். மாணவர்களுக்கு இது அதிகம்தான், நான் மறுக்கவில்லை.

கையில் இருபது, ஐம்பது ரூபாய்தான் என்றால் கேம்ப்கோ தேடுங்கள். 1973இல் மங்களூரில் தொடங்கிய பாக்கு, கோகோ விவசாயிகளின் கூட்டுறவு. 1986 முதல் புத்தூரில் சொந்த சாக்லேட் ஆலை நடத்துகிறார்கள். சர்க்கரை தூக்கலாக இருக்கும், ஆனால் லாபம் போகும் இடம் விவசாயிகளின் சங்கம். இதிலும் பின்பக்கத்தைப் படித்துவிட்டே வாங்குங்கள். எல்லாக் கம்பெனியைப் போலவும் அவர்களிடமும் பல ரகம் உண்டு.

விலையுயர்ந்த பாருக்கு நான் போடும் கணக்கு இது. ஒரு கோகோ பழத்தில் முப்பது, நாற்பது விதை. காய்ந்த விதை ஒன்று சுமார் ஒரு கிராம். தோல் போக, 50 கிராம் டார்க் பாருக்குக் கிட்டத்தட்ட ஒரு பழம் முழுவதும் தேவை. மரத்தில் ஐந்தாறு மாதம் தொங்கிய பழம். வாரம் நாலு காம்பவுண்ட் பொட்டலத்துக்குப் பதில் மாதம் ஒரு பார், விடுதி அறையில் நாலு பேர் சேர்ந்து. தலைக்கு ஐம்பது, எழுபத்தைந்து ரூபாய்தான். மென்று விழுங்காமல் நாக்கில் வைத்துக் கரைய விட்டால் இரண்டு கட்டம் போதும். 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கு ஜிஎஸ்டி 18லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. மிச்சமாவதை இந்தப் பக்கம் திருப்பலாமே.

முதல் தடவையே 85 சதவீதம் வாங்கிக் கஷாயம் குடித்த முகத்தோடு உட்காராதீர்கள். 50, 55இல் தொடங்குங்கள்.

தபாலில் வரவழைப்பதாக இருந்தால் கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். பங்குனிக்கு மேல் சேலத்துக்கு அசல் சாக்லேட் கூரியரில் வரவழைப்பது பணத்தைத் தண்ணீராக உருக்குவது. வீட்டில் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூடிய டப்பாவில் வையுங்கள், இல்லையென்றால் நேற்றைய மீன்குழம்பு வாசனை ஏறிக்கொள்ளும். உருகி மறுபடி உறைந்தால் மேலே வெள்ளையாகப் பூக்கும். அது பூஞ்சைக் காளான் இல்லை, கோகோ வெண்ணெய் மேலே வந்திருக்கிறது. தூக்கிப் போட வேண்டாம், பாலில் காய்ச்சிக் குடித்துவிடலாம்.

ஒரு தோப்பையாவது நேரில் பாருங்கள்

எவ்வளவு படித்தாலும் மரத்தடியில் நிற்பது வேறு. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிராக நிறைய உண்டு. அவ்வளவு தூரம் முடியாதென்றால் ஆத்தூர், பெத்தநாயக்கன்பாளையம், வாழப்பாடி வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள், பாக்குத் தோப்பிலோ தென்னையிலோ யாராவது கோகோ வைத்திருக்கிறார்களா என்று. சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்காமல், முதலில் போனில் கேட்டுவிட்டு அறுவடை நாளில் போங்கள். வேலை நடக்கும் இடம், வேடிக்கை பார்ப்பவர் ஓரமாக நிற்க வேண்டும்.

முதலில் கண்ணில் படுவது காய் தொங்கும் இடம். பலா மாதிரி அடிமரத்திலேயே காய்க்கும். பூ சுண்டுவிரல் நகம் அளவுதான். அதில் மகரந்தம் சேர்ப்பது தேனீ இல்லை, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன ஒரு கொசுவினம். அது வளர்வது கீழே மக்கும் சருகில். தோப்பைக் கண்ணாடி மாதிரிக் கூட்டி வைக்கும் விவசாயிக்குக் காய் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். "குப்பையா கிடக்குதேன்னு கூட்டிட்டு இருந்தேங்க" என்று ஒரு பெரியவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். இப்போது அவர் கூட்டுவதில்லை.

பழத்தைக் கத்தியால் அல்லது கத்தரியால் அறுக்க வேண்டும், பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் பட்டை பிய்ந்து, அடுத்த பூ வரும் இடமே போய்விடும். உடைப்பதற்குக் கத்தி கூடாது, கட்டையில் தட்டித்தான் பிளப்பார்கள், விதை வெட்டுப்படக் கூடாது என்று. உள்ளே வெள்ளைச் சதை சுற்றிய விதைகள். சதையைச் சப்பிப் பாருங்கள், சீத்தாப்பழத்தில் எலுமிச்சை பிழிந்த மாதிரி இருக்கும். விதையைக் கடித்தால் கசப்பு, துவர்ப்பு. சாக்லேட் வாசனை துளியும் இல்லை.

அந்த வாசனை பிறப்பது நொதித்தலில். சதையோடு விதையைப் பெட்டியிலோ சாக்கிலோ குவித்து, வாழையிலை போட்டு மூடி ஐந்து முதல் ஏழு நாள் வைப்பார்கள், நடுவில் கிளறிவிடுவார்கள். குவியலின் உள்ளே கை வைத்தால் சுடும், 45 டிகிரிக்கு மேலே போகும். முதலில் கள் வாசனை, பிறகு காடி வாசனை. அப்புறம் வெயிலில் காய வைத்து ஈரப்பதத்தை 7 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். மூன்று கிலோ ஈர விதை ஒரு கிலோவாகச் சுருங்கும்.

நம் பக்கத்தில் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சமாக வைத்துப் புளிக்க வைத்தால் சூடு ஏறாது, குவியல் வேண்டும். பத்து, இருபது மரம் உள்ளவருக்கு அந்தக் குவியல் சேராது. அதனால் ஈர விதையாகவே, வாங்க வருகிறவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறார். ஒரு ஊரில் பத்துத் தோப்புக்காரர்களின் விதையை ஒரே நாளில் சேர்த்து, ஒழுங்காக நொதிக்க வைத்து, காய வைத்து, சின்னத் தயாரிப்பாளர்களுக்கு விற்க ஒரு ஆள் இருந்தால் கதை மாறும். வேலை தேடும் இளைஞர்களிடம் சாக்லேட் செய்யும் வகுப்பைவிட இந்த வேலையைத்தான் நான் சொல்வேன். மரப்பெட்டி, தராசு, வெப்பமானி, காய வைக்கக் களம், அப்புறம் தினமும் கிளறும் பொறுமை.

நிலமே வைத்திருக்கிறீர்கள் என்றால் சுருக்கமாக மூன்று விஷயம். தனிப்பயிராக வெட்டவெளியில் வைக்காதீர்கள், பாதி நிழல் கட்டாயம். சேலத்து மழை கோகோவுக்குப் போதாது, சித்திரை வைகாசியில் கிணறு வற்றும் நிலமென்றால் ஆசையை விட்டுவிடுங்கள். மூன்றாம் வருடம் காய் வரத் தொடங்கும், ஒழுங்கான விளைச்சலுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம், நடுவில் அணிலும் எலியும் தங்கள் பங்கைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். 2024 விலையை மனதில் வைத்து நட வேண்டாம். வாங்குபவர் யார் என்று பேசிவிட்டு, ஆழியாறு நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்துவிட்டுக் கன்று வாங்குங்கள்.

கூட்டமாகச் செய்ய வேண்டியது

கல்லூரியில் ஐந்து பேர் சேர்ந்தால் போதும். கேன்டீனில் ஒரு மேசை போட்டு, பத்து உறைகளை ஒட்டிவைத்து, கோகோ எவ்வளவு என்று பக்கத்தில் எழுதுங்கள். சொற்பொழிவு வேண்டாம். மக்களே நின்று படிப்பார்கள், "இதிலயா ரெண்டரை?" என்று கேட்பார்கள்.

அப்புறம் கடிதம். ஒவ்வொரு உறையிலும் நுகர்வோர் தொடர்பு முகவரி இருக்கும். நீளமாக எழுத வேண்டாம், இவ்வளவு போதும்:

"வணக்கம். உங்கள் சாக்லேட்டைத் தொடர்ந்து வாங்குகிறோம். இந்தியாவில் விற்கும் இந்த ரகத்தில் உள்ள கோகோ எந்தெந்த நாட்டிலிருந்து, எத்தனை சதவீதம் வருகிறது? விவசாயிக்குக் குறைந்தபட்ச விலை உண்டா? குழந்தை உழைப்பு இல்லை என்பதை யார் சோதிக்கிறார்கள்?"

முதல் பதிலாக அழகான படங்களோடு ஒரு கையேடு வரும். நன்றி சொல்லிவிட்டு, கேட்ட மூன்று கேள்வியையும் மறுபடி அனுப்புங்கள். இரண்டாவது கடிதத்துக்குத்தான் மனிதர் யாராவது பதில் எழுதுவார். உறையில் ஒன்று எழுதி உள்ளே வேறொன்று இருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சின்னக் கடைக்காரரைப் படம் பிடித்து வலையில் போட்டு அவமானப்படுத்தும் வேலை மட்டும் வேண்டாம். அவர் நாம் கேட்டதைத்தான் விற்றார்.

நான் பேசிய ஏரிக்கரைக் கடைக்குக் கார்த்திகையில் மறுபடி போனேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது, கூட்டமே இல்லை. கண்ணாடிப் பெட்டியின் ஒரு மூலையில் சின்னத் தட்டு, அதன் மேல் அட்டையில் பேனாவால் 'ப்யூர் டார்க்' என்று எழுதியிருந்தது. விலை மற்றதைவிட இரண்டரை மடங்கு. நூறு கிராம் வாங்கிக்கொண்டு, எந்த ஊர்க் கோகோ அண்ணா என்று கேட்டேன். பாளம் வந்த அட்டைப்பெட்டியை உள்ளேயிருந்து எடுத்து வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்கத் தொடங்கினார்.